கோணலா, முறுக்கா, சாய்வா, வளைவா?

பல்சா மரத்தில் மாதிரி விமானம் கட்டுகிற எல்லாருக்கும் ஒரு கட்டம் வரும். துண்டுகள் எல்லாம் ஒட்டியாயிற்று, தாளும் போர்த்தியாயிற்று. தூர நின்று பார்த்தால் வடிவாகத்தான் இருக்கும். ஆனால் மூக்குப் பக்கமாகக் குனிந்து பார்த்தால் ஏதோ சரியில்லை. இடது இறக்கை ஒரு மாதிரி, வலது இறக்கை இன்னொரு மாதிரி, வால் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிற பிள்ளை உங்களை நிமிர்ந்து பார்த்துக் கேட்கும்: "இது பறக்குமா?"

இந்தக் கட்டுரை அந்த நேரத்துக்கானது. விமானத்தைப் பெட்டிக்குள் போட்டு பேஸ்மெண்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் செய்யக்கூடிய வேலைகள் கன இருக்கு. அதிகம் செலவும் இல்லை. நூல், குண்டூசி, இரண்டு வங்கி அட்டை, ஒரு கேத்தல் இருந்தால் போதும். எங்கட வீட்டில் இன்னொரு கருவியும் இருந்தது: என்ர அப்பா.

எங்கட வீட்டு விமானத்தைக் கட்டியது மூன்று பேர். 9 வயது மகள், 72 வயது அப்பா, நான். மகளுக்கு முதல் மொழி பிரெஞ்சு, அடுத்தது ஆங்கிலம். தமிழ் மூன்றாவதாக மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடி வருகிறது. அப்பாவுக்கு நேர்மாறு. 1980களின் கடைசியில் மொன்றியலுக்கு வந்து, 30 வருஷம் ஜன்னல் சட்டம் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவரிடம் இருப்பது தொழிற்சாலைப் பிரெஞ்சு. 'கெதியா', 'கவனம்', 'நாளைக்கு' என்ற அளவில் நிற்கும். அம்மா போன பிறகு பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருந்தார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் கதைத்தது இவ்வளவுதான்:

"சாப்பிட்டியா பிள்ளை?"

"ம்."

"பள்ளிக்கூடம் எப்பிடி?"

"நல்லம்."

பிறகு அவர் ஜன்னலைப் பார்ப்பார், அவள் ஐபாடைப் பார்ப்பாள். சண்டையும் இல்லை, கோபமும் இல்லை. கதைக்க ஒரு பொருள் இல்லை, அவ்வளவுதான். போன ஜனவரியில் அப்பா என்னிடம் சொன்னார்: "கோடைக்கு முன்னம் அக்காவோட போய் இருக்கப் போறன். ஸ்காபரோவில கோயில் இருக்கு, என்ர வயசு ஆக்கள் இருக்கினம். இஞ்ச ஆரோட கதைக்கிறது?" என்னிடம் பதில் இருக்கவில்லை. உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே வசனம் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதே மாதம்தான் மகளின் பிறந்தநாளுக்கு அந்த விமானக் கிட் வந்தது. இறக்கையின் முழு நீளம் 50 சென்ரிமீற்றர். ரப்பர் நாடாவை முறுக்கி விட்டால் காற்றாடி சுற்றிப் பறக்கிற வகை. ரிமோட்டும் இல்லை, பற்றறியும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சமையலறை மேசையில் பெட்டியைத் திறந்து தாளை விரித்தபோது, சோபாவில் இருந்த அப்பா எழும்பி வந்தார். மெல்லிய ரிஷூத் தாளை விரலால் தடவிப் பார்த்தார்.

"உது பட்டத் தாள்தானே."

அப்பா வல்வெட்டித்துறைக்காரர். தைப்பொங்கல் என்றால் அந்தக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்கட பெற்றோர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கொக்குப் பட்டம், பெட்டிப் பட்டம், விண் பூட்டி இரவு முழுக்கக் கூவுகிற பட்டம் என்று பல வகை. அப்பா சின்ன வயதில் அதெல்லாம் கட்டினவர். ஆனால் அன்றைக்கு வரைக்கும் மகளுக்கு அது தெரியாது. பட்டம் என்ற சொல்லே தெரியாது.

நாலு பிழை, நாலு சொல்

இறக்கைக்குத் தாள் போர்த்தி, தண்ணீர் தெளித்துக் காயவிட்ட அடுத்த நாள் காலை மகள் கத்தினாள்: "அப்பா, செ க்ரோஷ்!" கெபெக்கில் வளர்கிற பிள்ளைகளுக்கு 'க்ரோஷ்' என்ற ஒரு சொல் போதும். படம் கோணலாகத் தொங்கினாலும் க்ரோஷ், கம்பி வளைந்தாலும் க்ரோஷ், பல் ஒழுங்கில்லாவிட்டாலும் க்ரோஷ். நானும் ஆங்கிலத்தில் 'அலைன்மெண்ட் பிரச்சினை' என்றேன். அதுவும் அதே மாதிரி எல்லாவற்றையும் ஒரே சாக்குக்குள் போடுகிற சொல்தான்.

அப்பா இறக்கையைக் கையில் எடுத்தார். ஒரு கண்ணை மூடினார். துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி நுனியில் இருந்து நீளவாக்கில் பார்த்தார்.

"இது கோணல் இல்லை. முறுக்கு."

"முறுக்கா?" மகளுக்குத் தெரிந்த முறுக்கு டப்பாவுக்குள் இருக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். பிறகு சமையலறையில் இருந்து ஒரு முறுக்கை எடுத்து வந்து, பிழிந்த மா எப்படித் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகிறது என்று காட்டினார். "செட்டையும் இப்பிடித்தான் திரும்பியிருக்கு, பார்." செட்டை என்றால் இறக்கை. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த இரண்டாவது சொல்.

அந்தக் கிழமை முடிவதற்குள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மகளின் கையெழுத்தில் நாலு சொல் தொங்கியது: வளைவு, முறுக்கு, சாய்வு, கோணல். (இரண்டாவது சொல்லுக்கு முதலில் சின்ன 'ரு' போட்டிருந்தாள். அப்பா திருத்தினார்.) மென்பொருள் வேலை செய்பவர்களுக்கு இதன் அருமை விளங்கும். 'ஏதோ வேலை செய்யேல்லை' என்று வருகிற முறைப்பாட்டை வைத்து ஒன்றும் திருத்த முடியாது. எந்த வகைப் பிழை என்று பெயர் வைத்த பிறகுதான் திருத்தம் தொடங்கும். மாதிரி விமானத்துக்கும் அதேதான். நாலு பிழைக்கும் நாலு வேறு சோதனை, நாலு வேறு வைத்தியம்.

வளைவு

ஒரு குச்சியோ முழு உடலோ நீளவாக்கில் வில்லு மாதிரி வளைவது. இதில் அடிக்கடி வருவது, மேலே இருந்து பார்த்தால் உடல் வாழைப்பழம் மாதிரித் தெரிவது. காரணம் பல்சா மரத்தின் குணம். எக்குவடோரில் வேகமாக வளர்கிற மரம் அது. தாவரவியல் கணக்கில் வன்மரம் என்றாலும் கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும். வேகமாக வளர்வதால் ஒரே பலகையிலேயே ஒரு பக்கம் மென்மையாகவும் மற்றப் பக்கம் கடினமாகவும் இருக்கும். உடலின் இடது பக்கக் குச்சி கடினம், வலது பக்கக் குச்சி மென்மை என்றால், வால் பக்கத்தில் இரண்டையும் இழுத்துச் சேர்க்கும்போது மென்மையான பக்கம் கூட வளையும். வால் நடுக்கோட்டை விட்டு விலகிவிடும்.

கட்டுவதற்கு முன்பே பிடிக்கலாம். குச்சியின் ஒரு நுனியை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் ஒரு 25 சத நாணயத்தை ஒட்டுங்கள். எவ்வளவு தாழ்கிறது என்று ஒரு அட்டையில் குறியுங்கள். ஒரே அளவு தாழ்கிற குச்சிகளைச் சோடி சேர்த்து உடலின் இரண்டு பக்கத்துக்கும் பாவியுங்கள். இது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. மகள் 12 குச்சியையும் சோதித்து அப்பப்பாவிடம் தீர்ப்புக் கேட்டாள்.

ஏற்கனவே வளைந்துவிட்டால், வெள்ளை மரப்பசையால் ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். குறுக்குக் குச்சிகளின் மூட்டில் வெந்நீரைத் தூரிகையால் தொட்டுவைத்துச் சில நிமிடம் விடுங்கள், பசை இளகும். உடலை நேராக்கி, வரைபடத்தின் மேல் மெழுகுத் தாள் போட்டு, இரண்டு பக்கமும் குண்டூசி நட்டுப் பிடித்து, இரவு முழுக்கக் காயவிடுங்கள். சூப்பர் குளூ என்றால் தண்ணீருக்கு இளகாது. மூட்டைக் கூரான பிளேடால் வெட்டித் திரும்ப ஒட்டுவதுதான் வழி. பிளேட் பெரியவர்களின் கையில்.

ஒவ்வொரு கட்டமும் சதுரமா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கு. எதிர்ப் பக்கங்கள் சமன் என்றால், மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவையும் எடுங்கள். இரண்டும் சமன் என்றால் மூலை மட்டம் சரி. வீட்டுக்கு அத்திவாரம் போடும்போது மேசன்மார் நூல் பிடித்துப் பார்ப்பதும் இதைத்தான்.

முறுக்கு

எங்களுக்கு வந்த நோய் இதுதான். தண்ணீர் தெளித்த தாள் காயும்போது சுருங்கி இறுகும். மேல் தாளும் கீழ்த் தாளும் ஒரே அளவு இறுகாவிட்டால் மெல்லிய இறக்கை திரும்பிவிடும். பிறகு பூசுகிற 'டோப்' என்கிற வார்னிஷும் இன்னும் இறுக்கும். மொன்றியல் குளிர்காலம் இதற்கு நல்ல கூட்டாளி: வெளியே மைனஸ் 20, உள்ளே ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காற்று காய்ந்து கிடக்கும். அதே இறக்கை ஜூலை மாதத்துப் புழுக்கத்தில் வேறு மாதிரித் தளரும். ஆகவே முறுக்கு வந்தால் பிள்ளையைக் குற்றம் சொல்லாதீர்கள். அது தாளின் குணம்.

சோதனை: அடிப்பக்கம் தட்டையான இறக்கையை, கண்ணாடி போட்ட மேசையில் வையுங்கள். நாலு மூலையும் படிய வேண்டும். எங்களுடையதில் இடது இறக்கையின் நுனியில் பின் விளிம்பு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எவ்வளவு? இங்கேதான் வங்கி அட்டை. உலகம் முழுக்க வங்கி அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். நாலு அட்டை உள்ளே போனது. அப்படியென்றால் 3 மில்லிமீற்றர். 75 மில்லிமீற்றர் அகலமான இறக்கையில் 1 பாகை திரும்பினால் விளிம்பு 1.3 மில்லிமீற்றர் உயரும். ஆகவே எங்கள் முறுக்கு 2 பாகைக்குக் கொஞ்சம் மேல். சின்ன எண் மாதிரி இருக்கும். ஆனால் பின் விளிம்பு தூக்கிய பக்கத்தில் ஏற்றம் குறையும், விமானம் இடது பக்கம் சரிந்து சுற்றி நிலத்தில் குத்தும்.

வைத்தியம் கேத்தல் ஆவி. தேத்தண்ணிக்குக் கொதிக்கிற கேத்தலின் ஆவியில் இறக்கையை 10, 15 வினாடி காட்டி, முறுக்குக்கு எதிர்ப் பக்கமாக, தேவையானதை விடக் கொஞ்சம் கூடவே திருப்பிப் பிடித்து, ஆறும் வரைக்கும் விடாமல் வைத்திருக்க வேண்டும். விட்டால் கொஞ்சம் திரும்பி வரும். அதற்காகத்தான் கூடத் திருப்புவது. ஆவிப் பக்கம் பெரியவர்கள், பார்த்துச் சொல்கிற பக்கம் பிள்ளைகள்.

நான் இடது இறக்கையை வலது இறக்கை மாதிரி முழுத் தட்டையாக்கத்தான் நினைத்தேன். அப்பா மறித்தார். "ஏன் உவ்வளவு திருப்புறாய்? இதைப் பாதி இறக்கு, அதைப் பாதி ஏத்து. இரண்டும் ஒரே மாதிரி இருந்தாச் சரி." பட்டத்திலும் அப்படித்தானாம். இரண்டு பக்க மூங்கிலும் கம்பி மாதிரி நேராக இருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே அளவு வளைய வேண்டும்.

சரியான ஆச்சரியம் என்னவென்றால், விமானம் கட்டுபவர்கள் வேண்டுமென்றே செய்வதும் இதுதான். இரண்டு நுனியிலும் பின் விளிம்பைச் சமமாகக் கொஞ்சம் தூக்கிவிடுவார்கள். அப்போது வேகம் குறையும்போது நுனிகள் கடைசியாகத்தான் ஏற்றத்தை இழக்கும். விமானம் ஒரு பக்கமாகக் கவிழாது. நாங்கள் இரண்டு நுனியின் பின் விளிம்புக்குக் கீழேயும் இரண்டிரண்டு அட்டை வைத்து, ஆவி காட்டி, குண்டூசியால் பலகையில் பிடித்து இரண்டு நாள் விட்டோம். பிறகு டோப் பூசும்போது அதில் சில துளி ஆமணக்கெண்ணெய் கலந்தோம். எண்ணெய் கலந்த டோப் கடுமையாகச் சுருங்காது. அப்பாவுக்கு அந்த மணம் பிடிக்கவில்லை. சின்ன வயதில் பேதிக்குக் குடித்த ஞாபகமாம். அந்தக் கதையை மகளுக்கு அவர் நடித்தே காட்டினார்.

சாய்வு

விமானத்தை முன்னால் இருந்து, கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். வால் இறக்கையும் முன் இறக்கையும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகத் தெரிய வேண்டும். தராசுத் தட்டு மாதிரி ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அது சாய்வு. வால் இறக்கையின் எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக விமானம் திரும்பும். தாழ்ந்த பக்கத்தின் கீழே 0.8 மில்லிமீற்றர் பல்சாத் துண்டு ஒன்றைச் செருகிப் பாருங்கள். பலருக்கு அது போதும்.

பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது இன்னொரு சாய்வு இருக்கு; இது பிழை இல்லை, தேவை. முன் இறக்கை, வால் இறக்கையை விட 2, 3 பாகை கூட மூக்கை நிமிர்த்தியிருக்க வேண்டும். இந்த வித்தியாசம்தான் குத்துகிற விமானத்தைத் தானாகவே நிமிர்த்தும். இதை முதன்முதல் வடிவாகச் செய்து காட்டியவர் பிரெஞ்சுக்காரரான அல்போன்ஸ் பெனோ. 1871இல் பாரிஸின் துயிலரி பூங்காவில், முறுக்கிய ரப்பரால் ஓடும் சின்ன விமானம் ஒன்றைச் சுமார் 11 வினாடி பறக்க விட்டார். எங்கட மேசையில் கிடந்த விமானத்தின் கொள்ளுப்பாட்டன் அதுதான். மகள் உடனே நோட்டில் எழுதினாள்: '11 வினாடிக்கு மேல்.'

கோணல்

மேலே இருந்து பார்க்கும்போது இறக்கை உடலுக்குச் செங்குத்தாக இல்லாமல், ஒரு நுனி முன்னுக்கும் மற்ற நுனி பின்னுக்கும் நிற்பது. இது கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். 1 பாகைக் கோணல், உடலுக்குப் பக்கத்தில் 0.2 மில்லிமீற்றர்கூட இராது. ஆனால் 250 மில்லிமீற்றர் தள்ளி, நுனியில், 4 மில்லிமீற்றருக்கு மேல் இடம் மாறியிருக்கும். அதனால் எப்போதும் தூரத்தில் அளவுங்கள்.

அப்பாவின் வழி நூல். வால் கம்பத்தின் அடியில் ஒரு குண்டூசி குத்தி, நூலைக் கட்டி, ஒரு இறக்கை நுனி வரைக்கும் இழுத்துப் பேனாவால் குறி போடு. அதே நூலை மற்ற நுனிக்குக் கொண்டு போ. குறி அதே இடத்தில் விழுந்தால் சரி. வால் 250 மில்லிமீற்றர் பின்னால் இருந்தால், 1 பாகைக் கோணலுக்கு இரண்டு பக்க நூலிலும் 6 மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். 6 மில்லிமீற்றரை ஒரு 9 வயதுப் பிள்ளையின் கண்ணே பிடிக்கும். அப்பா இதைப் 'பட்டத்துக்கு முச்சை கட்டுற மாதிரி' என்றார். முச்சை என்பது பட்டத்தில் கட்டுகிற தலைக்கயிறு. அதன் ஒரு பக்கம் விரல்கடை கூடினாலும் பட்டம் நேராக ஏறாது, பக்கம் பார்த்துச் சுழலும். அதனால் முச்சையை நூலால் அளந்துதான் கட்டுவார்களாம்.

மாட்டுத் தொழுவத்துக்குள் ஒரு விமானம்

மார்ச் விடுமுறையில் மூன்று பேரும் சென்-ஆன்-த-பெல்வியூவுக்குப் போனோம். மொன்றியல் விமான அருங்காட்சியகம், நாங்கள் போனபோது மக்கில் பல்கலைக்கழகத்தின் மக்டொனால்ட் வளாகத்தில், ஒரு பழைய கல் தொழுவத்துக்குள் இருந்தது. அங்கே தன்னார்வலர்கள் கட்டிய ஒரு பிளேரியோ 11 இருக்கு. பெயர் 'ல ஸ்கராபே'. அதன் அசல் விமானத்தை ஓட்டியவர் ஜாக் த லெசெப்ஸ். சூயெஸ் கால்வாய் வெட்டுவித்த பெர்டினாண்ட் த லெசெப்ஸின் மகன். 1910 ஜூலை 2ஆம் திகதி, இன்றைய புவான்-கிளேர் பக்கமாக நடந்த விமானக் கூட்டத்தில் இருந்து கிளம்பி மொன்றியல் நகரத்தின் மேலாகப் பறந்தார். இந்த நகரம் தன் தலைக்கு மேல் பார்த்த முதல் விமானம் அது.

அந்த விமானத்தின் உடல் பின் பக்கத்தில் தாள்கூடப் போர்த்தாத மரக் கூடு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மூலைக்கு மூலை குறுக்குக் கம்பி, அவற்றை இறுக்கவும் தளர்த்தவும் சின்னத் திருகுகள். மரம் வளைந்தால் கம்பியை இறுக்கி நேராக்குவார்கள். எங்கட குறுக்களவுச் சோதனையை அங்கே உலோகத்தில் பார்த்தோம். இன்னொன்று: பிளேரியோவின் இறக்கையில் இன்றைய விமானங்களில் உள்ள அசையும் மடல்கள் இல்லை. விமானி கம்பியை இழுத்து இறக்கையையே முறுக்கித்தான் சரிவைத் திருத்துவார்.

அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு கண்ணை மூடினார். பக்கத்தில் மகளும் ஒரு கண்ணை மூடினாள்.

"முறுக்கு இருக்கோ, அப்பப்பா?"

"இருக்கும். அவன் முறுக்கித்தானே திருப்புறான்."

தமிழில்தான் கேட்டாள், தமிழில்தான் பதில் வந்தது. நான் இடையில் மொழிபெயர்க்க வேண்டி இருக்கவில்லை.

பறக்க விடும் ஒழுங்கு

மேசையில் எல்லாம் சரி என்றாலும் கடைசித் தீர்ப்பு காற்றில். நாங்கள் மே மாதம், காற்று எழும்ப முன்னம், காலை ஆறரைக்கு ஜாரி பூங்காவுக்குப் போவோம். ஒழுங்கு இது:

முதலில் சமநிலை. இறக்கையின் அகலத்தில், முன் விளிம்பில் இருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இரண்டு விரலால் தாங்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கில் களிமண் உருண்டை.

இரண்டாவது, ரப்பரை முறுக்காமல் மிதக்க விடுவது. தோள் உயரத்தில் இருந்து, மூக்கைக் கொஞ்சம் கீழே காட்டி, எறியாமல் தள்ளி விடுங்கள். மேலே ஏறி, நின்று, பொத்தென்று விழுந்து, திரும்ப ஏறினால் மூக்கு பாரம் காணாது அல்லது முன் இறக்கை கூட நிமிர்ந்திருக்கு. நேரே குத்தினால் எதிர் வைத்தியம். ஒரு பக்கம் சுருண்டால் திரும்ப முறுக்கு, சாய்வு, கோணல் மூன்றையும் பாருங்கள்.

மூன்றாவது, ரப்பரைக் கொஞ்சமாக முறுக்கி விடுவது. காற்றாடி ஒரு பக்கம் சுற்றும்போது உடல் மற்றப் பக்கம் சரியப் பார்க்கும். அதற்காகக் காற்றாடியின் அச்சைக் கொஞ்சம் வலது பக்கமும் கொஞ்சம் கீழேயும் பார்க்க வைப்பார்கள். ஒரு மெல்லிய பல்சாச் சீவலை மூக்குக் கட்டையின் பின்னால் செருகினால் போதும். மிதக்கும்போது வருகிற பிழையை இறக்கையிலும் பாரத்திலும் திருத்துங்கள். ரப்பர் ஓடும்போது மட்டும் வருகிற பிழையைக் காற்றாடி அச்சில் திருத்துங்கள். ஒன்றின் வைத்தியத்தை மற்றதுக்குச் செய்தால் இரண்டும் கெடும்.

நாலாவது, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். மாற்று, பறக்க விடு, எழுது. என்ர தொழிலில் இரண்டு மாற்றத்தை ஒன்றாகப் போட்டால் எது பிழையைத் தீர்த்தது, எது புதிதாக ஒன்றைக் கொண்டு வந்தது என்று இரவிரவாகத் தேட வேண்டும். மகளின் நோட்டில் மூன்று நிரல்: 'என்ன மாத்தினது', 'என்ன நடந்தது', 'அப்பப்பா என்ன சொன்னவர்'. மூன்றாவது நிரல் நான் சொல்லிப் போட்டதில்லை.

மூன்றாவது காலை விமானம் 14 வினாடி பறந்தது. இடது பக்கமாகப் பெரிய வட்டம் அடித்து, மேப்பிள் மரத்தைத் தவிர்த்து, புல்லில் இறங்கியது. மகள் பாரிஸ்காரரை வென்றுவிட்டதாகப் பூங்காவில் நாய் கூட்டி வந்த எல்லாருக்கும் பிரெஞ்சில் அறிவித்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. விமானத்தை எடுத்து, ஒரு கண்ணை மூடி, நுனியில் இருந்து பார்த்தார். "வலது செட்டை திரும்பத் தளருது. பனி ஈரம்."

ஜூனில் அப்பா ஸ்காபரோவுக்குப் போனார். சொன்னது சொன்னதுதான். அங்கே அவருக்குக் கோயில் இருக்கு, பின்னேரத்தில் கதைக்க ஊர்க்காரர் இருக்கினம். அந்தத் தேவையை ஒரு பல்சா விமானம் தீர்க்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீடியோ அழைப்பு வருகிறது. என்னை அல்ல, மகளைக் கேட்கிறார். இப்போது இரண்டாவது விமானம் ஓடுகிறது. மகள் கமராவை இறக்கை நுனியில் பிடிக்க, அவர் அங்கே இருந்து, "இன்னும் கொஞ்சம் கீழ பிடி பிள்ளை... ஆ, பொறு" என்பார். அவள் இப்போது க்ரோஷ் என்று சொல்வதில்லை. முறுக்கா சாய்வா என்று தானே முதலில் தீர்ப்புச் சொல்லிவிட்டு, பிறகுதான் அவரைக் கேட்கிறாள். சில நாள் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு. நூல் எடுத்து அளந்து பார்க்கிறார்கள்.

உங்கட வீட்டுப் பெரியவருக்குப் பட்டம் கட்டத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தையல் மெஷினில் துணி நேராக ஓட்டத் தெரிந்திருக்கும், செங்கல் வரிசைக்கு நூல் பிடிக்கத் தெரிந்திருக்கும், வள்ளத்தின் பலகையைப் பார்த்தே வளைவு சொல்லத் தெரிந்திருக்கும். பிள்ளையிடம் கோணலாக நிற்கிற ஏதாவது ஒன்றைக் கொடுத்து அவரிடம் அனுப்பிப் பாருங்கள். நீங்கள் கொஞ்ச நேரம் மற்ற அறையில் இருங்கள். குளிர்காலம் நீளமானது, பல்சாக் குச்சி மலிவு, கேத்தல் எப்படியும் கொதிக்கத்தான் போகிறது.